ஏப்ரல் 25-ல் பிறந்ததா ஆஸ்திரேலியா?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25 அன்று, பொழுது புலர்வதற்கு முன்பே ஆஸ்திரேலிய நகரங்களிலும் சிற்றூர்களிலும் மக்கள் போர் நினைவுச்சின்னங்களின் முன்னால் திரண்டு நிற்கிறார்கள். இருட்டில் ஊதுகொம்பு ஒலிக்கிறது. பிறகு மௌன அஞ்சலி. அன்று நாடு முழுவதும் விடுமுறை. ஆன்சாக் நாள் என்று பெயர்.

இதைச் செய்தியில் படிக்கும் தமிழ் வாசகருக்கும், அங்கே குடியேறிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு குழப்பம் வருவது இயல்பு. அன்று நினைவுகூரப்படுவது வெற்றி அல்ல. 1915-ல் துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் தரையிறங்கி, எட்டு மாதம் மலைச்சரிவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் இருட்டோடு இருட்டாகப் பின்வாங்கிய ஒரு படையெடுப்பு. ‘அங்கேதான் எங்கள் நாடு பிறந்தது’ என்று பல ஆஸ்திரேலியர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியா என்ற நாடு 1901 ஜனவரி 1 அன்றே சட்டப்படி உருவாகிவிட்டது. ஒரு நாடு எப்படி இரண்டு முறை பிறக்கும்?

### ஆறு காலனிகள், மூன்று தண்டவாள அகலங்கள்

1900 வரை ஆஸ்திரேலியா என்பது ஒரு கண்டத்தின் பெயர்தான். அதில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா என்று ஆறு பிரிட்டிஷ் காலனிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமன்றம், தனிச் சுங்கவரி, தனி ரயில்வே. தண்டவாளத்தின் அகலம்கூட ஒத்துப்போகவில்லை. நியூ சவுத் வேல்ஸில் 1,435 மில்லிமீட்டர், விக்டோரியாவில் 1,600, குயின்ஸ்லாந்தில் 1,067. சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிறவர் எல்லை ஊரான ஆல்பரியில் இறங்கி, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு வேறு ரயிலுக்கு மாற வேண்டும். இந்த அவதி 1962 வரை நீடித்தது. நாடு ஒன்றான பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளம் ஒன்றாகவில்லை.

இணைப்பு வேண்டும் என்ற பேச்சை வேகப்படுத்தியவர் நியூ சவுத் வேல்ஸின் முதல்வர் ஹென்றி பார்க்ஸ். 1889 அக்டோபரில் டென்டர்ஃபீல்டு என்ற ஊரில் அவர் பேசிய பேச்சு பிரபலம். அதன் பிறகு 1891-லும் 1897–98-லும் மாநாடுகள் கூடி அரசமைப்பு வரைவு எழுதப்பட்டது. 1898-ல் அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் ‘ஆம்’ என்றவர்களே அதிகம். ஆனாலும் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சமான 80,000 வாக்குகளை எட்டவில்லை. திருத்தி, 1899-ல் மறுபடி வாக்கெடுத்தார்கள். கடைசியாக 1900 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவும் சம்மதித்தது.

துப்பாக்கிச் சூடு இல்லாமல், வாக்குச்சீட்டில் கூடிய நாடு இது. கட்டுரையின் பிற்பகுதிக்கு இந்தக் குறிப்பு தேவைப்படும்.

### 1901-ல் எவ்வளவு கிடைத்தது?

இங்கே இரண்டு சொற்களை விளக்கிவிடுவது நல்லது. கூட்டாட்சி என்பது காலனிகள் மாநிலங்களாக மாறி, சில அதிகாரங்களைப் பொது அரசிடம் ஒப்படைத்த ஏற்பாடு. டொமினியன் என்பது உள்நாட்டு விவகாரங்களைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் பிரிட்டிஷ் அரசருக்குக் கீழே உள்ள நாடு. ஆஸ்திரேலியா இரண்டும்தான். இதன் நடைமுறைப் பொருள்:

1. சுங்கவரி, பாதுகாப்பு, அஞ்சல், குடியேற்றம் ஆகியவை மத்திய அரசுக்கு வந்தன. எட்மண்ட் பார்ட்டன் முதல் பிரதமர் ஆனார். முதல் நாடாளுமன்றம் 1901 மே 9 அன்று மெல்போர்னில் தொடங்கியது. தலைநகராகக் கான்பெராவுக்கு 1913-ல் பெயர் சூட்டினாலும், நாடாளுமன்றம் அங்கே போனது 1927-ல்தான்.

2. போரா சமாதானமா என்று முடிவெடுக்கும் உரிமை லண்டனிலேயே இருந்தது. அரசர் போர் அறிவித்தால் ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது என்று பொருள். எத்தனை பேரை, எங்கே அனுப்புவது என்பதை மட்டும் ஆஸ்திரேலியா தீர்மானிக்கலாம்.

3. ‘ஆஸ்திரேலியக் குடிமகன்’ என்று சட்டத்தில் யாரும் இல்லை. எல்லோரும் பிரிட்டிஷ் குடிமக்கள். ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்று 1949 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கலிப்பொலியில் இறந்த எவரும் சட்டத்தின் கண்ணில் ஆஸ்திரேலியக் குடிமகன் அல்லர்.

### கதவடைத்த முதல் சட்டங்கள்

புதிய நாடாளுமன்றம் தொடக்கத்திலேயே நிறைவேற்றிய முக்கியச் சட்டங்களில் ஒன்று 1901-ன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் நிறத்தைப் பற்றி நேரடியாக ஒரு வரியும் இல்லை. துறைமுக அதிகாரி 50 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் வாசிப்பார். வந்தவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரிதான் தேர்ந்தெடுப்பார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆசியரைத் தடுக்க வேண்டுமா, அவருக்குத் தெரியாத வேறொரு மொழியில் வாசித்தால் போதும். வெள்ளை ஆஸ்திரேலியா என்று பின்னாளில் அறியப்பட்ட கொள்கையின் முதன்மைக் கருவி இந்தச் சொல்வதெழுதல்தான்.

1902-ல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்து உலகுக்கு முன்னோடியாக நின்றது இந்த நாடு. அதே சட்டம் பழங்குடியினருக்கும், ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளைச் சேர்ந்தவர்களுக்கும் வாக்கை மறுத்தது. முன்பே காலனியில் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அரசமைப்பின் 127-வது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரை எண்ணக் கூடாது என்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்களை எண்ணிக்கையிலிருந்தே விலக்கிவிட்டுத்தான் நாடு உருவானது. நாடு ‘எப்போது பிறந்தது’ என்ற விவாதம் இன்றும் அங்கே சூடாக இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது.

### 1914: எம்டனும் சிட்னியும்

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் அப்போது தேர்தல் பிரசாரம். தொழிற்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ ஃபிஷர், கடைசி மனிதன் வரை, கடைசி ஷில்லிங் வரை பிரிட்டனுக்குத் துணை நிற்போம் என்று மேடையில் வாக்களித்தார். ஆட்சியில் இருந்த ஜோசப் குக்கின் அரசோ, லண்டன் போர் அறிவிப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே 20,000 பேரை அனுப்பத் தயார் என்று தெரிவித்துவிட்டது.

ஒரு சட்டச் சிக்கல் உடனே எழுந்தது. 1903-ன் பாதுகாப்புச் சட்டப்படி, யாரையும் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுப் போருக்கு அனுப்ப முடியாது. அதனால் முழுக்கத் தன்னார்வலர்களைக் கொண்ட தனிப்படை ஒன்றைப் புதிதாக உருவாக்கினார்கள். ஆஸ்திரேலிய இம்பீரியல் படை என்பது அதன் பெயர்.

இந்த இடத்தில் கதை நம் ஊர்ப் பக்கம் வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுபோட்டுக் கொளுத்தியது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் இன்னமும் சொல்வது அந்தக் கப்பலின் நினைவில்தான்.

நவம்பர் 1 அன்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய கப்பல் வரிசை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியிலிருந்து கிளம்பியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை எம்டன் தாக்கவே, கப்பல் வரிசைக்குக் காவலாக வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’ பிரிந்து சென்று அதை அடித்து நொறுக்கித் தரைதட்ட வைத்தது. 1911-ல்தான் தனக்கென்று கடற்படை அமைத்த ஒரு நாட்டுக்கு அது பெருமைக்குரிய முதல் வெற்றி. அந்த வரிசைக்குக் காவலாக வந்த மற்றொரு போர்க்கப்பல் ஜப்பானின் ‘இபுகி’. ஆசியர்களுக்குக் கதவடைத்த நாட்டின் பிள்ளைகளைப் பாதுகாப்பாகக் கடல் கடத்தியதில் ஓர் ஆசியக் கப்பலுக்கும் பங்கு உண்டு.

### கலிப்பொலி: எட்டு மாதம்

போரில் துருக்கி ஜெர்மனியின் பக்கம் இருந்தது. பிரிட்டன் போட்ட திட்டத்தின் நோக்கம் எளியது. டார்டனல்ஸ் நீரிணையைக் கைப்பற்றினால் துருக்கியின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளை நெருங்கலாம், கருங்கடல் வழியாக ரஷ்யாவுக்குத் தளவாடங்கள் அனுப்பலாம். 1915 மார்ச் 18 அன்று கடற்படை மட்டும் போய் முயன்று தோற்றது. எனவே தரைப்படையை இறக்க முடிவானது. ஆன்சாக் என்பது ‘ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ராணுவப் படைப்பிரிவு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து உண்டான சொல்.

ஏப்ரல் 25 விடியலில் அவர்கள் இறங்கிய கடற்கரை குறுகலானது. எதிரே செங்குத்தான மேடுகள். முஸ்தபா கெமால் என்ற துருக்கிய அதிகாரி தன் படையோடு விரைந்து வந்து உயரமான இடங்களைப் பிடித்துக்கொண்டார். பிறகு நடந்தது பதுங்குகுழிப் போர். சில இடங்களில் இரு தரப்புக் குழிகளுக்கும் இடையே கல்லெறியும் தூரம்தான். மே மாதத்தில் இடையே கிடந்த பிணங்களின் நாற்றம் தாங்காமல், 24-ம் தேதி சில மணி நேரம் போரை நிறுத்தி இரு தரப்பும் அருகருகே நின்று தத்தம் ஆட்களைப் புதைத்தார்கள்.

டிசம்பரில் பின்வாங்கும்போது, ஆளில்லாத குழியிலிருந்து துப்பாக்கி தானாகச் சுட ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். மேலே ஒரு தகரடப்பா, அதன் அடியில் சிறு துளை. கீழே விசையோடு கட்டிய இன்னொரு டப்பா. மேல் டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே நிரம்பி, கனம் கூடியதும் விசை இழுபடும், குண்டு வெடிக்கும். துருக்கியர்கள் குழியில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, டிசம்பர் 20 விடிவதற்குள் ஆன்சாக் முனையிலிருந்து கடைசி ஆளும் கப்பலேறிவிட்டார். அந்தப் படையெடுப்பிலேயே கச்சிதமாக நடந்த காரியம் பின்வாங்கல்தான்.

ஆஸ்திரேலியர்களில் 8,100-க்கும் அதிகமானோரும் நியூசிலாந்தினரில் சுமார் 2,700 பேரும் அங்கே இறந்தார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் அதைவிட அதிகமானோரை இழந்தன. துருக்கியின் தரப்பில் இறந்தோர் 80,000-க்கும் மேல். அப்படியிருக்க, இது ஏன் ஆஸ்திரேலியாவின் கதையாக ஆனது?

1. காலனிகளின் பெயரில் போர்களுக்குப் போனவர்கள் முன்பும் உண்டு. ஆனால் ‘ஆஸ்திரேலியர்’ என்ற ஒரே பெயரில் ஆறு மாநிலத்தாரும் சேர்ந்து போரிட்ட முதல் பெரிய களம் இது. போன எவரும் கட்டாயத்தால் போனவர் அல்லர்.

2. தரையிறங்கல் பற்றிய முதல் விரிவான செய்தி மே 8 அன்று ஆஸ்திரேலிய நாளிதழ்களில் வந்தது. எழுதியவர் ஆங்கிலேயரான எல்லிஸ் ஆஷ்மீட்-பார்ட்லெட். வீரர்களை வானளாவப் புகழ்ந்திருந்தார். தாய்நாடாகக் கருதிய பிரிட்டனிலிருந்து வந்த பாராட்டு என்பதால் அதற்கு இரட்டை மதிப்பு. பிறகு ஆஸ்திரேலியப் போர் நிருபரான சார்லஸ் பீன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தப் போரின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதுவதற்கே கொடுத்தார்.

3. உடல்கள் ஊர் திரும்பவில்லை. இழவு வீட்டில் எடுத்துச் செய்வதற்கு எதுவுமே இல்லாத குடும்பங்களுக்கு, ஏப்ரல் 25 ஒரு பொதுத் திதியாகவே ஆனது. முதல் ஆன்சாக் நாள் 1916-லேயே, போர் நடந்துகொண்டிருந்தபோதே அனுசரிக்கப்பட்டது. இதுவே வலுவான காரணம் என்பது என் கருத்து.

### பெரிய இழப்பு பிரான்ஸில்

கலிப்பொலியின் புகழ் மறைத்துவிட்ட உண்மை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் இறந்தது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும். 1916 ஜூலையில் ஃப்ரோமெல் என்ற இடத்தில் ஒரே இரவில் 5,533 பேர் இறந்தோ காயமுற்றோ சிறைப்பட்டோ போனார்கள். அடுத்து போசியேரில் ஏழு வாரங்களுக்குள் 23,000 பேர். எட்டு மாத கலிப்பொலியில் இறந்தும் காயமுற்றும் போன ஆஸ்திரேலியர்களின் மொத்தத்துக்கு ஏறக்குறைய ஈடான எண்ணிக்கை அது.

1918-ல் ஆஸ்திரேலியப் படைப்பிரிவுக்குத் தலைமையேற்ற ஜான் மோனாஷ் அடிப்படையில் கட்டடப் பொறியாளர். பிரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். அவர் பீரங்கி, டாங்கி, விமானம், காலாட்படை எல்லாவற்றையும் ஒரே கால அட்டவணையில் கோத்து நடத்திய ஹமெல் தாக்குதல் 93 நிமிடத்தில் முடிந்தது. உள்நாட்டிலோ, ஜெர்மன் வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் ஊர்ப்பெயர்களைச் சட்டம் போட்டு அழித்தார்கள்.

### இரண்டு முறை ‘வேண்டாம்’

போசியேருக்குப் பிறகு தன்னார்வலர் வரத்து குறைந்தது. பிரிட்டன் இன்னும் ஆள் கேட்டது. பிரதமர் பில்லி ஹியூஸ் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவர விரும்பினார். சொந்தத் தொழிற்கட்சியே எதிர்த்ததால் மேலவையில் சட்டம் நிறைவேறாது என்று தெரிந்து, நேரே மக்களிடம் போனார்.

எதிர்த்தவர்கள் ஒரே கூட்டம் அல்ல. முதலாளிகளைத் தொடாமல் உழைப்பாளியை மட்டும் பிடித்துப் போவதா என்றன தொழிற்சங்கங்கள். 1916 ஏப்ரலில் அயர்லாந்தின் விடுதலைக்காக நடந்த டப்ளின் எழுச்சியைப் பிரிட்டன் ஒடுக்கிய விதத்தில் கொதித்திருந்த ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு மெல்போர்னின் கத்தோலிக்கப் பேராயர்களில் ஒருவரான டேனியல் மானிக்ஸ் குரல் கொடுத்தார். அறுவடைக்கு ஆள் போய்விடுமே என்று விவசாயிகள் பயந்தார்கள். வெள்ளையர்கள் போருக்குப் போனால் அவர்கள் வேலையை வெளியாட்கள் பிடித்துக்கொள்வார்கள் என்ற இனவெறிப் பிரசாரமும் இருந்தது. வாக்கெடுப்புச் சமயத்தில் அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த மால்டாவைச் சேர்ந்த 200-க்கும் மேற்பட்டோர் ‘காஞ்ச்’ என்ற கப்பலில் வந்துசேர, அவர்களுக்கு டச்சு மொழியில் சொல்வதெழுதல் வைத்துத் தடுத்தார்கள். அவர்களும் பிரிட்டிஷ் குடிமக்கள்தான்.

1916 அக்டோபர் 28: ஆம் 10,87,557; இல்லை 11,60,033. ஹியூஸ் விடவில்லை. கட்சி உடைந்தது, அவர் எதிரணியோடு சேர்ந்து புதுக் கட்சி அமைத்து 1917 தேர்தலில் வென்றார். அந்த டிசம்பர் 20 அன்று மறுபடி கேட்டார். இந்த முறை ஆம் 10,15,159, இல்லை 11,81,747. தோல்வி இன்னும் பெரிதானது.

பிரிட்டனும் நியூசிலாந்தும் 1916-லேயே கட்டாய சேவையைக் கொண்டுவந்துவிட்டன, கனடா 1917-ல். ஆஸ்திரேலியா மட்டும் நடுப்போரில் தன் மக்களிடம் கேட்டது; மக்கள் இல்லை என்றார்கள், இரண்டு முறையும் அரசு பணிந்தது. என்னைப் பொறுத்தவரை, ‘நாடு எப்போது பிறந்தது’ என்று கேட்டால் காட்ட வேண்டிய இடம் கலிப்பொலி மேடு அல்ல, இந்த வாக்குச்சாவடிகள். 1899-ல் வாக்குச்சீட்டால் கூடியவர்கள், பிரிட்டனின் அவசரத்துக்கும் சொந்தப் பிரதமரின் ஆவேசத்துக்கும் எதிராக அதே வாக்குச்சீட்டை எடுத்தார்கள். ஆனால் இதற்கு விடுமுறையோ விடியற்கால அஞ்சலியோ கிடையாது. ஊரையும் குடும்பத்தையும் இரண்டாகப் பிளந்த நினைவை யாரும் கொண்டாட விரும்பவில்லை.

### போர் விட்டுச்சென்றவை

50 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையில் 4,16,809 பேர் படையில் சேர்ந்தார்கள். 18 முதல் 44 வயது ஆண்களில் ஏறத்தாழ 39 சதவீதம். 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1,56,000 பேர் காயமுற்றோ விஷவாயுவால் பாதிக்கப்பட்டோ சிறைப்பட்டோ போனார்கள். மற்ற விளைவுகள்:

1. போர்ச் செலவுக்காக 1915-ல் மத்திய அரசு முதன்முறையாக வருமான வரி விதித்தது. மாநிலங்கள் கையில் இருந்த பணபலம் மத்திய அரசின் பக்கம் சாயத் தொடங்கியது அப்போதுதான்.

2. 1919-ல் வெர்சாய் ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா தன் பெயரில் கையெழுத்திட்டது. ஐ.நா. சபையின் முன்னோடியான சர்வதேச சங்கத்தில் உறுப்பினர் ஆனது. ஜெர்மனியிடமிருந்து பிடித்த நியூ கினியாவின் நிர்வாகமும் கிடைத்தது. அதே மாநாட்டில் எல்லா இனங்களும் சமம் என்ற வாசகத்தைச் சேர்க்க ஜப்பான் கேட்டபோது மூர்க்கமாக எதிர்த்து நின்றவர் ஹியூஸ். ‘இபுகி’ காவல் வந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை.

3. சட்டப்படியான சுதந்திரம் மெதுவாகவே வந்தது. 1939-லும், பிரிட்டன் போர் அறிவித்துவிட்டதால் ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது என்றுதான் பிரதமர் மென்சீஸ் வானொலியில் சொன்னார். டொமினியன்களின் சட்டமியற்றும் உரிமையை ஏற்ற 1931-ன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஆஸ்திரேலியா 1942-ல்தான் ஏற்றது. பிரிட்டனோடு மிச்சமிருந்த சட்டப் பிணைப்புகள் 1986-ல் அறுந்தன.

### பெயர்ப் பட்டியல்

ஆஸ்திரேலியச் சிற்றூர்களின் நினைவுத் தூண்களை நெருங்கிப் பார்த்தால் ஒன்று தெரியும். பலவற்றில் இறந்தவர்கள் பெயர் மட்டுமல்ல, உயிரோடு திரும்பியவர்கள் பெயரும் இருக்கும். இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவைக் குறி. தானாக முன்வந்து போனதே பதிவு செய்யத்தக்கது என்று ஊர் நினைத்ததன் அடையாளம் அது. போகாதவர் யார் என்பதையும் அதே பட்டியல் ஊருக்குச் சொல்லிவிடும்.

‘கணிசமான ஐரோப்பிய வம்சாவளி’ இல்லாதவர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்ற விதி இருந்தும், பழங்குடியினர் 1,000-க்கும் மேற்பட்டோர் எப்படியோ சேர்ந்தார்கள். 1917-ல் ஆள் தட்டுப்பாட்டால் விதியும் தளர்ந்தது. களத்தில் ஒரே குழி, ஒரே சம்பளம். திரும்பிவந்த பிறகு, வீரர்களுக்கு அரசு கொடுத்த விவசாய நிலம் அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. 127-வது பிரிவு 1967 மே 27 பொதுவாக்கெடுப்பில்தான் நீங்கியது. 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு.

கான்பெரா போர் நினைவகத்தின் வெண்கலப் பலகைகளில் ராணுவப் பதவி கிடையாது, விருது கிடையாது, வெறும் பெயர்கள்தான். பார்க்க வருகிறவர்கள் பெயர்களுக்கு இடையே உள்ள இடுக்கில் சிவப்புப் பாப்பிப் பூவைச் செருகிவிட்டுப் போகிறார்கள். மக்கள்தொகையில் எண்ணப்படாமல் போருக்குப் போய் இறந்த பழங்குடி வீரர்களின் பெயர்களும் அதே பலகைகளில், அதே அளவு எழுத்தில் இருக்கின்றன.